வேகமும் கொள்ளளவும்



கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கக் கடைக்குச் செல்லும் குடும்பம், அங்கே ஒரு கேள்வியை எதிர்கொள்கிறது. ஒரே விலையில் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. ஒன்றில் உள்ள சேமிப்புத் தட்டு பெரியது. ஆனால் மெதுவாக வேலை செய்வது. மற்றொன்றில் உள்ளது சிறியது, ஆனால் விரைவானது. எதை வாங்குவது? விற்பவர் ஒன்று சொல்வார். நண்பர் ஒன்று சொல்வார். தகப்பனார் விலைச் சீட்டைப் பார்ப்பார். பெரும்பாலும், எந்த எண் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கிறதோ அந்தப் பெட்டியே வீட்டுக்கு வந்து சேரும். பிறகு ஐந்தாறு ஆண்டுகள் அந்த முடிவோடு வாழவேண்டும்.

இது நேற்றுப் பிறந்த கேள்வி அன்று. கணிப்பொறி தோன்றிய நாளிலிருந்து, அதைப் படைத்த அறிஞர்கள் அனைவரும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியே வந்திருக்கிறார்கள். அவர்கள் எப்படி யோசித்தார்கள் என்பதை அறிந்தால், கடையில் நிற்கும் நாமும் தெளிவாக யோசிக்கலாம். ஆகவே அந்த வரலாற்றையே இன்று நான் பேச எடுத்துக்கொண்டேன்.

ஆசிரியர் பயிற்சியின்போது எங்களுக்குக் கற்பித்த முதல் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பது. உங்களுக்குத் தெரிந்த பள்ளி அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய வருகைப் பதிவேடு மேசைமேல் இருக்கும். இந்த ஆண்டுச் சேர்க்கைப் பதிவேடு கைக்கெட்டும் பீரோவில் இருக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய பதிவேடுகளோ பின்கட்டு அறையில் மூட்டையாகக் கிடக்கும். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. மேசைமேல் இருக்கவேண்டிய பதிவேடு ஐந்து நிமிடம் காணாமற் போனால் பள்ளியே நின்றுவிடும். ஆனால் முதியவர் ஒருவர் தாம் படித்த ஆண்டைச் சொல்லிச் சான்று கேட்டு வந்தால், பின்கட்டு அறையில் அரைநாள் தேடினாலும் அவர் வருந்தமாட்டார்; கிடைத்ததே என்று மகிழ்ந்து போவார். எல்லாப் பதிவேட்டையும் மேசைமேல் வைக்க இடமில்லை. எல்லாவற்றையும் பின்கட்டில் போட்டால் வேலை ஓடாது. கணிப்பொறியின் நினைவு வரலாறு முழுவதும் இந்த மேசைக்கும் பின்கட்டுக்கும் இடையே நடந்த போராட்டமே.

1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரிலுள்ள உயர்கல்வி ஆராய்ச்சி நிலையத்தில் ஆர்தர் பர்க்ஸ், ஹெர்மன் கோல்ட்ஸ்டைன், ஜான் வான் நாய்மன் என்ற மூவர் ஓர் அறிக்கை எழுதினார்கள். கணிப்பொறியை எப்படி அமைக்கவேண்டும் என்பது அதன் பொருள். அளவற்ற கொள்ளளவும், கேட்ட மாத்திரத்தில் விடைதரும் வேகமும் ஒருங்கே உடைய நினைவுதான் வேண்டும். ஆனால் அப்படி ஒன்றைச் செய்ய இயலாது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆதலால் நினைவைப் படிப்படியாக அமைக்கலாம் என்றார்கள். மேற்படியில் உள்ளது சிறியது, விரைவானது. கீழே செல்லச் செல்லக் கொள்ளளவு கூடும், வேகம் குறையும். அவ்வறிக்கை வந்தபோது, அதில் சொல்லிய வகையான கணிப்பொறி ஒன்றுகூட உலகில் இயங்கவில்லை. பொருள் பிறக்கும் முன்னரே அதன் அடிப்படைச் சங்கடத்தை அவர்கள் கண்டுவிட்டார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் நினைவுக்காக அறிஞர்கள் கையாண்ட பொருள்களைப் பார்த்தால் வியப்பாயிருக்கும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் வில்லியம்ஸும் டாம் கில்பர்னும், தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்தது போன்ற கண்ணாடிக் குழாயின் முகப்பில் மின்னூட்டப் புள்ளிகளாக எண்களைத் தேக்கினார்கள். 1948 ஜூன் 21 அன்று அந்த இயந்திரம் தன் முதல் நிரலை இயக்கியது. அதன் முழு நினைவும் 1,024 புள்ளிகளே. வேகம் இருந்தது; இடம் இல்லை.

கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் 1949-இல் இயக்கிய எட்சாக் என்ற கணிப்பொறி, பாதரசத்தை நாடியது. ஏறத்தாழ ஐந்தடி நீளக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, ஒரு முனையில் ஒலித் துடிப்புகளை அனுப்பினார்கள். அவை மறுமுனையை அடைய ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி, அதாவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். அடைந்ததும் மீண்டும் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒலிதான் நினைவு. வேண்டிய எண் வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருத்தல் என்ற சொல்லை நினைவில் வையுங்கள். நம் கதையின் உயிர்நாடி அதுதான்.

கொள்ளளவு வேண்டியவர்கள் காந்த நாடாவை நாடினார்கள். 1951-இல் அமெரிக்க மக்கட்தொகைக் கணக்கு அலுவலகத்துக்குக் கிடைத்த யூனிவாக் கணிப்பொறியின் நாடா உலோகத்தால் ஆனது. அரை அங்குல அகலமும் 1,200 அடி நீளமும் உடையது. விநாடிக்கு 100 அங்குலம் ஓடினாலும், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வர இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். வரிசையாகப் படிப்பதற்கு நாடா சிறந்தது. ஆனால் நடுவில் உள்ள ஒரே ஒரு பெயரைக் கேட்டால், முன்னுள்ள அத்தனையையும் தாண்டித்தான் செல்லவேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாகக் காந்த உருளை வந்தது. 1954-இல் நிறுவனங்களுக்குச் செல்லத் தொடங்கிய ஐ.பி.எம். 650 என்ற கணிப்பொறியில், நிமிடத்துக்கு 12,500 சுற்று சுழலும் உருளை ஒன்று இருந்தது. அதன் மேற்பரப்பில் பத்து இலக்க எண்கள் 2,000 தங்கும். ஆக 20,000 இலக்கங்கள். உருளையின் ஒவ்வொரு தடத்துக்கும் படிக்கும் தலைகள் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தன. ஆகவே தலை எங்கும் நகர வேண்டியதில்லை. உருளை திரும்பி வரும்வரை காத்தால் போதும். ஒரு சுற்றுக்கு 4.8 மில்லி விநாடி. சராசரியாகப் பாதிச் சுற்று, அதாவது 2.4 மில்லி விநாடி. அதையும் வீணாக்க மனமில்லாத நிரலாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரு கட்டளையை இயந்திரம் நிறைவேற்றி முடிக்கும் தருணத்தில் அடுத்த கட்டளை சரியாகத் தலைக்குக் கீழே வந்து நிற்குமாறு, உருளையில் இடம் பார்த்து எழுதினார்கள்.

நம் நாட்டுக்கு வந்த முதல் மின்னணுக் கணிப்பொறியும் உருளை நினைவு உடையதே. இங்கிலாந்திலிருந்து 1955-இல் கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்த ஹெச்.ஈ.சி. 2எம் என்ற இயந்திரம் அது. பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிலையத்தார் தாமே கட்டி 1960-இல் முழுமையாக இயக்கிய டிஃப்ராக் என்ற கணிப்பொறியோ, சுழலும் உருளையை விட்டு, அசைவே இல்லாத சிறு காந்த வளையங்களைக் கொண்டது. அசையும் நினைவு, அசையா நினைவு என்ற இரு வழிகளும் அன்றே நம் மண்ணிலும் கால்வைத்துவிட்டன.

இனி நம் கதையின் நடுநாயகத்துக்கு வருவோம். அவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ரெனால்டு ஜான்சன் என்பது அவர் பெயர், 1906-இல் பிறந்தவர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர். விடைத்தாள் திருத்தும் சுமையை ஆசிரியர்கள் அறிவார்கள். பென்சில் கோடு மின்சாரத்தைக் கடத்தும் என்பதைக் கொண்டு, மாணவர் பென்சிலால் குறித்த விடைகளைத் தானே எண்ணி மதிப்பெண் தரும் கருவி ஒன்றை அவர் அமைத்தார். ஐ.பி.எம். நிறுவனம் 1934-இல் அவரை வேலைக்கு அழைத்துக்கொண்டது. அந்தக் கருவி 1930-களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. இன்று போட்டித் தேர்வுகளில் நீங்கள் வட்டங்களை நிரப்பும் விடைத்தாள், ஒளியைக் கொண்டு படிக்கப்படுகிறது. ஆயினும் அதன் முன்னோடி அந்த ஆசிரியரின் கருவியே.

1952-இல் அந்த நிறுவனம் ஜான்சனைக் கலிபோர்னியாவின் சான் ஹோஸே நகருக்கு அனுப்பி, ஒரு சிறு ஆராய்ச்சிக்கூடம் தொடங்கச் சொன்னது. அக்காலத்தில் பெரிய வணிக நிறுவனங்களில் சரக்குக் கணக்கெல்லாம் துளை அட்டைகளில் இருந்தது. தொட்டி போன்ற பெட்டிகளில் ஆயிரக்கணக்கான அட்டைகளை அடுக்கிவைத்து, எழுத்தர்கள் கையால் தேடி எடுப்பார்கள். ஒரு பொருள் கையிருப்பில் உண்டா இல்லையா என்று அறிய அட்டை தேடவேண்டும். விற்றபின் வேறு அட்டை போடவேண்டும். நாடாவில் ஏற்றினால் இடம் கிடைக்கும். ஆனால் நடுவில் உள்ளதை உடனே எடுக்க முடியாது. உருளையில் ஏற்றினால் உடனே எடுக்கலாம். ஆனால் 20,000 இலக்கம் எந்த மூலைக்குக் காணும்?

ஜான்சனும் அவர் குழுவினரும் பலவகை வடிவங்களை எண்ணிப் பார்த்துத் தட்டைத் தேர்ந்தார்கள். காரணம் எளியது. உருளையின் புறப்பரப்பு மட்டுமே எழுதப் பயன்படும். உள்ளே இருப்பது வெற்றிடம். அதே இடத்தில் மெல்லிய தட்டுகளை அடுக்கினால், ஒவ்வொன்றின் இரு முகங்களிலும் எழுதலாம். கட்டிய நோட்டுப் புத்தகம் எத்தனை பக்கம் கொள்கிறது, சுருட்டிய ஒற்றைக் காகிதம் எத்தனை கொள்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள், விளங்கும்.

இப்படிப் பிறந்ததுதான் 1956 செப்டம்பரில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ராமாக் என்ற கணிப்பொறியும் அதன் தட்டு நினைவும். 24 அங்குலக் குறுக்களவுள்ள 50 தட்டுகள், ஒரே அச்சில் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுழன்றன. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துக்கள். எடை ஒரு டன்னுக்கு மேல். தட்டைத் தலை உராயாதிருக்க, அழுத்தப்பட்ட காற்றை ஊதி இரண்டுக்கும் இடையே மயிரிழையினும் மெல்லிய இடைவெளியைக் காத்தார்கள்.

இங்கேதான் ஜான்சன் குழுவினர் தம் பெரிய முடிவை எடுத்தார்கள். நூறு முகங்களுக்கும் நூறு தலை வைத்தால் வேகம் கிடைக்கும். ஆனால் செலவு மிகும். ஆகவே தலைகளைத் தாங்கிய கை ஒன்று, தூண் ஒன்றில் மேலும் கீழும் ஏறியிறங்கி, வேண்டிய தட்டை அடைந்து, அதனுள் நுழைந்து படிக்குமாறு அமைத்தார்கள். இந்தப் பயணத்துக்குச் சராசரியாக 600 மில்லி விநாடி, அதாவது அரை விநாடிக்குச் சற்று மேல் ஆயிற்று.

உருளையையும் தட்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். 20,000 எங்கே, 50,00,000 எங்கே? கொள்ளளவு 250 மடங்கு பெருகியது. 2.4 எங்கே, 600 எங்கே? காத்திருப்பும் அதே 250 மடங்கு பெருகியது! இந்தப் பொருத்தம் தற்செயலே, விதி அன்று. ஆயினும் பேரம் எப்படி நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெந்தக் கணக்கும் காட்டாது. பெற்ற இடத்துக்கெல்லாம் ஜான்சன் காலத்தால் விலை கொடுத்தார்.

அப்படியானால் அவர் தவறினாரா? இல்லை. அவர் தம் தட்டை உருளையோடு ஒப்பிடவில்லை. தொட்டியில் அட்டை தேடும் எழுத்தரோடு ஒப்பிட்டார். நிமிடக் கணக்கில் காத்திருந்தவருக்கு அரை விநாடி என்பது உடனே கிடைப்பதற்குச் சமம். கணக்குக்கு இடையில் எண்களை எடுத்துத் தருவதற்கு அரை விநாடி பேரிழப்பு. கிடங்கில் சரக்கு உண்டா என்று சொல்வதற்கு அதுவே பெரும் பேறு. வேகம் போதுமா என்ற கேள்விக்கு விடை இயந்திரத்தில் இல்லை. அதைக்கொண்டு செய்யும் வேலையில் இருக்கிறது. ஜான்சன் 90-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்று, 1986-இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கமும் அடைந்து, 1998-இல் மறைந்தார்.

அதன்பின் வந்தவர்கள் அவர் கொடுத்த விலையைக் குறைக்க முயன்றார்கள். 1961-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 1301 என்ற தட்டில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு தலை வைத்தார்கள். சீப்பின் பற்கள் போலத் தலைகள் எல்லாம் ஒருங்கே உள்ளே போய் வெளியே வரும். ஏறியிறங்கும் பயணம் ஒழிந்தது. தட்டின் சுழற்சியால் எழும் காற்றே தலையைத் தாங்குமாறும் செய்தார்கள்.

மான்செஸ்டரில் கில்பர்ன் வேறு வழியில் சென்றார். 1962 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட அட்லஸ் கணிப்பொறியில், காந்த வளையங்களாலான விரைந்த நினைவில் ஏறத்தாழ 16,000 சொற்களுக்கும், உருளையில் ஏறத்தாழ 98,000 சொற்களுக்கும் இடம் இருந்தது. நிரல் எழுதுபவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய நினைவாகத் தோன்றும். எந்தப் பக்கம் அடிக்கடி தேவைப்படுகிறதோ அதை வளையங்களிலும், மற்றவற்றை உருளையிலும் இயந்திரமே மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும். தலைமையாசிரியர் சொல்லாமலே, வேண்டிய பதிவேட்டை மேசைக்குக் கொணர்ந்து, வேண்டாததைப் பின்கட்டுக்கு எடுத்துச் செல்லும் நல்ல உதவியாளரைப் போல. இன்று உங்கள் மடிக்கணினிக்குள்ளும் இந்த உதவியாளர் ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கிறார்.

இனி நான் சொல்லப்போவது, இந்த வரலாற்றில் பலரும் கவனிக்காத செய்தி. ராமாக்கின் 50 லட்சம் எழுத்துக்களையும், சாதாரண மடிக்கணினி ஒன்றில் பொருத்தும் ஒரு டெராபைட் தட்டையும் ஒப்பிடுங்கள். ஒரு டெராபைட் என்பது லட்சம் கோடி எழுத்துக்கள். கொள்ளளவு இரண்டு லட்சம் மடங்கு பெருகிவிட்டது. வேகமோ? நிமிடத்துக்கு 1,200 சுற்று சுழன்ற தட்டு, மடிக்கணினியில் 5,400 சுற்று சுழல்கிறது. விரைந்த வகை 7,200 சுற்று. அதாவது ஆறு மடங்கைத் தாண்டவில்லை. 600 மில்லி விநாடிக் காத்திருப்பு ஏறத்தாழ 17 மில்லி விநாடியாகக் குறைந்தது, முப்பத்தைந்து மடங்கு. கொள்ளளவு மலைபோல் வளர, வேகம் புற்றுப்போல் வளர்ந்தது.

ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? கொள்ளளவைப் பெருக்க, எழுத்தை நுணுக்கினால் போதும். பனையோலையில் ஒரு வரி எழுதிய இடத்தில் பத்து வரி எழுதுவது போன்றது அது. ஆனால் வேகத்தைப் பெருக்க, எடையுள்ள பொருளை அசைக்கவேண்டும். தட்டுக்கு எடை உண்டு. கைக்கும் எடை உண்டு. விரைந்து சுழற்றினால் சூடு ஏறும், அதிர்வு மிகும், மின்சாரம் செலவாகும். பெரிய கணிப்பொறி நிலையங்களுக்காக 2000-ஆம் ஆண்டில் 15,000 சுற்றுத் தட்டு செய்தார்கள். அதற்காக உள்ளிருந்த தட்டுகளின் குறுக்களவைச் சுருக்க நேர்ந்தது, கொள்ளளவும் குறைந்தது. மீண்டும் அதே பேரம்!

மடிக்கணினிக்கு இந்தப் பேரம் இன்னும் கடுமையானது. அதற்கு இடம் சிறிது. மின்கலத்தின் ஆற்றல் சிறிது. மடிமேல் வைப்பதால் சூடும் ஆகாது. ஐ.பி.எம். தன் தட்டுத் தொழிலை ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனத்துக்கு விற்றுவிட்டபின், 2003-இல் மடிக்கணினிக்கான 7,200 சுற்றுத் தட்டு வெளிவந்தது. அதன் உச்சக் கொள்ளளவு 60 கிகாபைட். அதே காலத்தில் 4,200 சுற்று மட்டுமே சுழலும் தட்டில் 80 கிகாபைட் கிடைத்தது. ஜான்சன் சான் ஹோஸேயில் எதிர்கொண்ட கேள்வி, ஐம்பது ஆண்டுகளுக்குள் கடை மேசைமேல் வந்து அமர்ந்துவிட்டது.

சுற்று எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தட்டிலிருந்து ஒரு சிறு கோப்பைப் படிக்க இரண்டு காத்திருப்புகள் உண்டு. முதலாவது, கை நகர்ந்து தடத்தை அடைவது. அதற்கு 12 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, வேண்டிய இடம் சுழன்று தலைக்குக் கீழே வருவது. அதற்குச் சராசரியாகப் பாதிச் சுற்று. 5,400 சுற்றுத் தட்டில் இது 5.6 மில்லி விநாடி. 7,200 சுற்றுத் தட்டில் 4.2. ஆக, மொத்தம் 17.6 ஒருபுறம், 16.2 மறுபுறம். சுற்று மூன்றிலொரு பங்கு கூடியது. காத்திருப்போ பத்திலொரு பங்குகூடக் குறையவில்லை! ஏனெனில் தட்டை விரைவாகச் சுழற்றினோம். கையை விரைவாக நகர்த்தவில்லை.

நீண்ட திரைப்படத்தைப் போல, அடுத்தடுத்து எழுதிய ஒரே கோப்பைப் படிப்பதானால் கதை வேறு. அங்கே கை அதிகம் நகராது. சுற்றின் வேகம் முழுதாகப் பயன்தரும். ஆனால் அங்கேயும் ஒரு நுட்பம் உண்டு. புதிய பெரிய தட்டில் எழுத்துக்கள் நெருக்கமாக இருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் அதிக எழுத்துக்கள் தலையைக் கடக்கும். ஆகவே மெதுவாகச் சுழலும் புதிய பெரிய தட்டு, விரைவாகச் சுழலும் பழைய சிறிய தட்டை இவ்வகை வேலையில் வென்றுவிடுவதும் உண்டு. கொள்ளளவும் வேகமும் எப்போதும் பகைவர் அல்லர். சில வேளை உறவினர்.

இந்தச் சுழலும் உலகத்தையே மாற்ற வந்தது அசையா நினைவு. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகாவும் அவர் தோழர்களும் 1987-இல் நேண்ட் ஃப்ளாஷ் என்ற நினைவை உலகுக்கு அறிவித்தார்கள். அதில் தட்டும் இல்லை, கையும் இல்லை. சிலிக்கானில் அமைந்த நுண்ணறைகளில் எலெக்ட்ரான்களைச் சிறைவைத்து எழுதுகிறார்கள். மின்சாரம் நின்றாலும் எழுத்து அழியாது. இன்று எஸ்.எஸ்.டி. என்று கடையில் சொல்வது இதையே. எடையுள்ள எதுவும் அசையாததால், கேட்டது ஏறத்தாழ 0.1 மில்லி விநாடியில், இன்னும் குறைவாகவும், கிடைத்துவிடுகிறது. மடிக்கணினி விழித்தெழும்போது பத்தாயிரம் சிறு துண்டுகளைப் படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்குப்படி 5,400 சுற்றுத் தட்டுக்கு 176 விநாடி, 7,200 சுற்றுத் தட்டுக்கு 162 விநாடி, எஸ்.எஸ்.டி.க்கு ஒரே விநாடி. இது தோராயக் கணக்கே. நான் சொன்ன உதவியாளர் உண்மையில் காத்திருப்பைக் குறைத்துத் தருவார். ஆயினும் தட்டுக்கும் தட்டுக்கும் உள்ள வேறுபாடு ஓரடி என்றால், தட்டுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் உள்ள வேறுபாடு ஒரு காதம் என்பது விளங்கும்.

அப்படியானால் பழைய பேரம் முடிந்ததா? முடியவில்லை. ஒரே கொள்ளளவுக்கு எஸ்.எஸ்.டி.யின் விலை கூடுதலாகவே இருந்துவந்திருக்கிறது. அதன் விலையைக் குறைக்க ஓர் அறையில் ஒரு பிட் எழுதிய இடத்தில் இரண்டு, மூன்று, நான்கு என்று நெருக்கினார்கள். கொள்ளளவு கூடியது, எழுதும் வேகம் குறைந்தது, எத்தனை முறை அழித்து எழுதலாம் என்ற ஆயுளும் குறைந்தது. தட்டை விட்டு ஓடியவர்களைப் பேரம் சிலிக்கானுக்குள்ளும் துரத்திக்கொண்டு வந்தது. 1946-ஆம் ஆண்டு அறிக்கையின் கருத்து இன்னும் பொய்க்கவில்லை.

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? 2011-இல் தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதன்பின் எத்தனையோ எளிய வீடுகளில் முதல் மடிக்கணினி நுழைந்தது. அது பழுதானபோதும், தம்பி தங்கையர் படிக்க வந்தபோதும், அடுத்ததைச் சொந்தப் பணத்தில் வாங்கவேண்டிய நிலை வந்தது. அந்தப் பணம் எளிதில் வந்ததன்று. ஆகவே மூன்று வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது: கடைக்குச் செல்லும் முன் தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். நாள்தோறும் தொடுபவை ஒன்று. வைத்திருக்க வேண்டியவை மற்றொன்று. இயக்க முறைமை, பாடத்துக்கான நிரல்கள், இந்தப் பருவத்தின் பாடக் குறிப்புகள் முதற்பட்டியலில் வரும். பழைய புகைப்படங்கள், பதிவுசெய்த வகுப்புகள், திரைப்படங்கள் இரண்டாவதில் வரும். முதற்பட்டியல் எவ்வளவு சிறியது என்பதைக் கண்டு வியப்பீர்கள். அது தாராளமாகத் தங்குமளவுக்கு எஸ்.எஸ்.டி. உள்ள இயந்திரத்தை வாங்குங்கள். இரண்டாவது பட்டியலுக்கு, பிற்பாடு கையில் பணம் சேரும்போது, வெளியே இணைக்கும் சுழல் தட்டு ஒன்று போதும். அதன் மெதுவான நடை உங்களை வருத்தாது. ஆனால் உங்கள் தொழிலே பெரிய கோப்புகளைக் கையாள்வதானால், எடுத்துக்காட்டாகத் திரைப்படத் தொகுப்புப் பயில்வதானால், பட்டியல் மாறும், முடிவும் மாறும்.

இரண்டாவது: பழைய இயந்திரம் மெதுவாகிவிட்டது என்று தூக்கியெறியாதீர்கள். பல மடிக்கணினிகளில் சுழல் தட்டைக் கழற்றி, அதே இடத்தில் எஸ்.எஸ்.டி. பொருத்தலாம். புதியது வாங்கும் செலவில் சிறு பங்கில், பழையது சுறுசுறுப்படையும்.

மூன்றாவது: எந்தத் தட்டும் என்றேனும் ஒருநாள் நின்றுபோகும். சுழல்வதும் நிற்கும், சுழலாததும் நிற்கும். மூன்றாண்டு உழைத்த ஆய்வேடு ஒரே தட்டில் இருந்தால், அதன் வேகமும் கொள்ளளவும் உங்களைக் காப்பாற்றமாட்டா. முக்கியமானவற்றுக்கு வேறோர் இடத்தில் ஒரு பிரதி வையுங்கள். இதைச் செய்ய எந்தப் பேரமும் தேவையில்லை. பழக்கம் ஒன்றே தேவை.

எது பெரிது என்று கேட்டு வாங்குபவர் எண்ணை வாங்குகிறார். எதற்காக, எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன் என்று கேட்டு வாங்குபவர் தம் காலத்தை வாங்குகிறார். தட்டையும் கையையும் வரைபடத்தில் போடும் முன்பு, அட்டைத் தொட்டியருகே எழுத்தர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்த்தார் ஒரு பள்ளி ஆசிரியர். கருவியைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் நீங்களும் முதலில் உங்கள் வேலையைப் பாருங்கள். கருவியை அப்புறம் பார்க்கலாம்.